மோர்டென்ஸ்ருட்டுக்கு ஒரு ரிக்கற்

ஜெயகுமாரி தையல் படிக்கத்தான் போனாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் குடியிருக்கிற அம்மருட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற வயதில், முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க உருளைக்கிழங்கு அவிக்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், யூதச் சிந்தனையாளர்கள் எழுதிய கட்டுரைகளைப் படித்தே தீருவேன் என்று வீட்டை விட்டு வெளிக்கிட்டிருப்பாளா என்ன?

2005ஆம் ஆண்டு, ஓகஸ்ட் கடைசிச் செவ்வாய், பின்னேரம் ஆறு மணி. ஒஸ்லோவின் நடுவில், பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்துகிற ஒரு பழைய கட்டடம். தையல் வகுப்பு இரண்டாம் மாடியில் இடது பக்கம். இவள் வலது பக்கம் திரும்பிவிட்டாள். வாசலில் நின்ற நெட்டை மனிதர் கைகொடுத்துத் தன் பெயர் யூலியஸ் என்றார், பெயர்ப் பட்டியலை நீட்டினார், கோப்பி ஊற்றித் தந்தார். கையெழுத்தும் வைத்து, கோப்பியும் பாதி குடித்த பிறகுதான் மேசைகளில் ஒரு தையல் மெசினைக்கூடக் காணவில்லையே என்று அவளுக்குப் பட்டது.

நோர்வேக்காரர் என்றால் அறை மாறி வந்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டு எழும்பிப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது வராது. ஒரு வீட்டில் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, நான் உங்களிடம் வரவில்லை, பக்கத்து வீட்டுக்கு வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவள் இருந்துவிட்டாள். ஒன்றரை மணித்தியாலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, அடுத்த கிழமை இடது பக்கம் திரும்புவது என்று முடிவும் கட்டிவிட்டாள்.

ஆனால் யூலியஸ் அன்றைக்கு வாசித்த முதல் கட்டுரை அவளைப் பிடித்து இருத்திவிட்டது. போன நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு யூதப் பேராசிரியர் எழுதியதாம். மனிதன் கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிக்கலாம். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையில் கடவுளுக்கு வேலை இல்லை. செய்தவன் எழும்பிப் போய் அந்த மனிதனுடைய கதவைத் தட்ட வேண்டும். அவன் மாட்டேன் என்றால் இன்னொரு தரம். அதற்கும் மாட்டேன் என்றால் மூன்றாம் தரம், அதோடு சரி. அவர்களுடைய பழைய நூல்களில் இருக்கிற முறை அது என்றும், அதை இந்தக் காலத்து மனிதன் எப்படி விளங்கிக்கொள்வது என்பதுதான் கட்டுரை என்றும் யூலியஸ் சொன்னார்.

ஜெயகுமாரி கோப்பியைக் கீழே வைத்தாள். ஒரே ஒரு பிழைக்காக அவள் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தேங்காயும் விலாசம் மாறிப் போய்க்கொண்டிருந்ததா என்று அவளுக்கு ஒரு கோபம்கூட வந்தது.

அந்தப் பிழை இதுதான். 1993இல் அவளும் அனஸ்ரேசியாவும் நோர்வேயின் வடக்கே பின்மார்க்கில், ஒரே மீன் தொழிற்சாலையில், ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் வெட்டினார்கள். ஒரே வீடு, கீழே ஜெயகுமாரி குடும்பம், மேலே அனஸ்ரேசியாவும் அவள் புருஷன் சந்திரகுமாரும். ஒருத்தி பிள்ளையாரைக் கும்பிட்டாள், மற்றவள் மாதாவைக் கும்பிட்டாள், கறி மட்டும் ஒரு சட்டியில் கொதித்தது. ரெலிபோன் கீழே இருந்தது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே அழிந்த பிறகு அனஸ்ரேசியாவுக்கு மூன்றாவது தங்கி எட்டு மாதம் நடந்துகொண்டிருந்த நேரம், கொழும்பிலிருந்து ஒரு பின்னேரம் அழைப்பு வந்தது. அழைத்தது அனஸ்ரேசியாவின் தாய். அனஸ்ரேசியாவின் தம்பி பிலேந்திரன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வழியில், மகளோடு ஒரு சொல் கதைக்க வேண்டும் என்று அடம்பிடித்து, ரெலிபோன் கடையில் இறங்கியிருக்கிறார். மூச்சு வாங்கி வாங்கி, அவளைக் கூப்பிடு பிள்ளை என்றார்.

அனஸ்ரேசியா மேலே நித்திரை. பதின்மூன்று படி. ஜெயகுமாரி ஏறவில்லை. அந்த மூச்சைக் கேட்டால் அனஸ்ரேசியாவுக்கு ஏதும் ஆகிவிடும், இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று பயந்து, அவ வேலைக்குப் போட்டா அம்மா என்றாள். சரி, அப்ப நீ சொல்லு என்று அந்த அம்மா ஒரு சேதி சொன்னார். சொல்லி முடிக்கக் காசும் முடிந்து தொடர்பு அறுந்தது. மூன்றாம் நாள் அவர் மோசம் போனார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சாவுச் சேதி சொல்லக்கூடாது என்று சந்திரகுமாரும் இவளும் அதையும் மறைத்தார்கள். எங்கள் சனத்தில் எல்லாரும் செய்கிறதுதான், கேட்ட எல்லாரும் நீ செய்தது சரி என்றுதான் சொன்னார்கள்.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்து சில நாளில் சந்திரகுமார் மெல்லச் சாவைச் சொன்னார். அழுது முடிந்த கொஞ்ச நாளில் பிலேந்திரன் ரெலிபோனில், அம்மா ஜெயாக்காவோடு கதைத்தவ அல்லவா என்று கேட்டுவிட்டான். அனஸ்ரேசியா குழந்தையையும் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். உண்மையோ என்று மட்டும் கேட்டாள். ஜெயகுமாரி, நீ வேலையிலை நிண்ட நேரம் என்று இரண்டாம் முறையும் பொய் சொன்னாள். உன்ரை நன்மைக்குத்தானே என்றும் சேர்த்தாள். அம்மா என்ன சொன்னவ என்று அனஸ்ரேசியா கேட்கவில்லை. கேட்காத ஒன்றை எடுத்துச் சொல்ல இவளுக்கும் வாய் வரவில்லை. அடுத்த மாதம் அவர்கள் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். பிறகு தொழிற்சாலை மூட, இவர்களும் வந்தார்கள். அவர்கள் நகரத்தின் ஒரு தொங்கலில் மோர்டென்ஸ்ருட், இவர்கள் மற்றத் தொங்கலில் அம்மருட். நகர நடுவில் குறொன்லாண்ட் தமிழ்க் கடையில் ஒருத்தி மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றால் மற்றவள் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். இறந்துபோன ஒரு மனுஷியின் கடைசிச் சொல் ஜெயகுமாரியின் தொண்டையில் முள்ளாகப் பன்னிரண்டு வருடம் இருந்தது.

ஆகவே அடுத்த செவ்வாயும் அவள் வலது பக்கம்தான் திரும்பினாள். வீட்டில் புருஷன் சிறீஸ்கந்தராசாவிடம் தையல் நல்லாய்ப் போகிறது என்றாள். அவர் பஸ் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. எனக்கொரு சேட்டு எப்ப வரும் என்று கேட்டார். இப்பதான் பொத்தான் தைக்கப் பழகுகிறோம் என்றாள்.

வகுப்பில் எட்டுப் பேர். இரண்டிரண்டு பேராக இருத்தி, ஒருவர் ஒரு பந்தி வாசிக்க மற்றவர் மறித்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பது யூலியஸின் ஒழுங்கு. யூதர்கள் தங்கள் வேதப் பள்ளிகளில் நெடுங்காலமாக இப்படித்தான் படிக்கிறார்களாம். ஜெயகுமாரிக்குச் சோடியாக வந்தவள் செலியா என்கிற எழுபது தாண்டிய யூதப் பெண்மணி. ஒஸ்லோவில் பிறந்தவள், பத்து வயதில் யுத்தத்துக்குத் தப்பி, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குக் கீழே படுத்துச் சுவீடனுக்குப் போனவள். அதை அவள் ஒரே ஒரு தரம்தான் சொன்னாள், அதுவும் ஜெயகுமாரியின் வேலை என்ன என்று கேட்டபோது.

குறுக்கே கேட்கிறது என்றால் லேசா? ஜெயகுமாரி படித்தது தென்னங்கிடுகு வேய்ந்த ரியூசன் கொட்டிலில், இருநூறு பேருக்கு நடுவில். மாஸ்டர் சொல்வதை எழுத வேண்டும், எழுதியதைப் பாடமாக்க வேண்டும், கேள்வி கேட்டால் கொழுப்பு. அதுவும் வயதில் மூத்தவளை மறித்துக் கதைப்பதா? செலியா எதைச் சொன்னாலும் இவள் தலையை ஆட்டினாள். இரண்டாம் கிழமை ஆட்டினாள், மூன்றாம் கிழமையும் ஆட்டினாள். நாலாம் கிழமை செலியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ எனக்குத் தலையாட்டும்போதெல்லாம் இந்த மேசையில் நான் தனியே இருக்கிறேன். எனக்கு வீட்டிலும் தனிமைதான். அதற்காக நான் பஸ் ஏறி இங்கே வரத் தேவையில்லை" என்றாள்.

ஜெயகுமாரிக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு மரியாதை காட்டியும் பேச்சு வாங்க வேண்டிக் கிடக்கிறதே என்று ரயிலில் வரும்போது மனதுக்குள் அந்தக் கிழவியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஐந்தாம் கிழமைக் கட்டுரை ஒரு பெண் எழுதியது. அன்பானவரிடம் உண்மையை மறைப்பது இரக்கமா என்பது விஷயம். யூலியஸ் தன் கம்பளித் தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பாதியில் ஆம், பாதியில் இல்லை. வந்த சீட்டின் பக்கம் நின்று வாதாட வேண்டும், சொந்த அபிப்பிராயத்தை வீட்டிலே விட்டுவிட வேண்டும். ஆம் என்ற சீட்டு வர வேண்டும் என்று ஜெயகுமாரி பிள்ளையாரை மன்றாடினாள். அந்தப் பக்கத்து நியாயங்கள் பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. வந்தது இல்லை என்ற சீட்டு. ஆம் செலியாவிடம் போயிற்று.

உதாரணம் ஒன்று வேண்டும் என்று செலியா கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒருத்தி என்று தொடங்கி ஜெயகுமாரி ரெலிபோன் கதையைச் சொன்னாள். செலியா ஒரு கணம் யோசித்துவிட்டு வாதத்தைத் தொடங்கினாள். இரண்டு பிள்ளைகளை இழந்த கர்ப்பிணி. எட்டாம் மாதம். தூரத்தில் இருக்கிற தாயை அவளால் காப்பாற்ற முடியாது, வயிற்றில் இருப்பதைக் காப்பாற்றலாம். அந்தத் தோழி செய்தது அன்பு.

அத்தனையும் ஜெயகுமாரி தனக்குத் தானே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன நியாயங்கள். அடுத்தவர் வாயில் கேட்கும்போது அவை வேறு மாதிரி இருந்தன. இவளுக்குத் திடீரென்று கோபம் பொங்கியது. சீட்டில் இல்லை என்று இருந்ததால் கோபப்பட அனுமதியும் இருந்தது.

"தாய் அவளுடைய தாய்" என்றாள், உடைந்த நோர்வேஜிய மொழியில். "மூன்று நாள் தாய் உயிரோடு இருந்தார். அந்த மூன்று நாளும் அவளுடையது. தோழி யார் அதை எடுக்க? பிள்ளைக்குப் பயந்தாள், சரி. பிள்ளை பிறந்த பிறகும் ஏன் பொய் சொன்னாள்? அது பிள்ளைக்காக இல்லை. தனக்காக. தன்னை நல்லவள் என்று எல்லாரும் சொல்ல வேண்டும் என்பதற்காக. தாயின் சேதி இன்னும் அவளிடம் இருக்கிறது. அது களவுப் பொருள்."

சொல்லி முடித்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் வாதத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செலியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். வாதத்தில் நீதான் வென்றாய் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த மற்றப் பெண் இப்போது உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டாள்.

ஓம், மோர்டென்ஸ்ருட்டில் என்றாள் ஜெயகுமாரி. எனக்குத் தெரிந்த ஒருத்தி என்ற முகமூடி எப்போதோ கழன்று விழுந்திருந்தது.

"நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. உனக்கு ஒரு ரயில் ரிக்கற்தான் தேவை" என்றாள் செலியா.

அந்த ஞாயிறே ஜெயகுமாரி வெளிக்கிட்டாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று முதல்நாளே குறொன்லாண்டில் முருங்கைக்காய் வாங்கி வைத்திருந்தாள். கடைசித் தரிப்பிடம் வரை மனதுக்குள் வசனம் பாடமாக்கினாள். மணியை அடித்தாள். அனஸ்ரேசியா திறந்தாள், பார்த்தாள், மூடினாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சத்தமே இல்லாமல் மூடினாள். ஜெயகுமாரி முருங்கைக்காய்ப் பையைக் கைபிடியில் கொழுவிவிட்டு, அழுதுகொண்டு ரயில் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை செலியா விரலை மடக்கி, ஒன்று என்றாள்.

இரண்டாம் முறை அனஸ்ரேசியா கதவைத் திறந்து விட்டாள். ஆனால் இரு என்று சொல்லவில்லை. விறாந்தையில் கோட்டும் சப்பாத்துமாக நின்றுகொண்டு ஜெயகுமாரி குளிரைப் பற்றிக் கதைத்தாள், ரயில் பிந்தியதைப் பற்றிக் கதைத்தாள், தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றும் சொன்னாள். கேட்க வேண்டியது மட்டும் வாயில் வரவில்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் இன்னொரு பொய்யா?" என்று செலியா தலையில் கை வைத்தாள். அவள் ஒன்றுமே சொல்லவில்லையா என்றும் கேட்டாள்.

முருங்கைக்காய் முத்தல் என்று மட்டும் சொன்னதாக ஜெயகுமாரி சொன்னாள். அது என்ன மரக்கறி, முத்தல் என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று செலியா துருவித் துருவி விசாரித்தாள். சமைத்துச் சப்பினால்தான் தெரியும் என்றாள் இவள்.

"அப்படியானால் சமைத்திருக்கிறாள். போ" என்றாள் செலியா.

மூன்றாம் முறை போன அன்று ஒக்ரோபர் மழை. கதவைத் திறந்தவர் சந்திரகுமார். தலை நரைத்துப்போய், பழைய அதே கூச்சத்தோடு, வாங்கோ அக்கா, அவ தலை முழுகிறா, இருங்கோ என்றார். அன்றைக்குப் பிறந்த அந்தப் பெண் இப்போது கைப்பந்து விளையாடுகிறாளாம், அவளை ஏற்றி வர வேண்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். ஜெயகுமாரி குசினி மேசையில் இருந்தாள். மூன்றுக்குப் பிறகு வழி இல்லை. பாடமாக்கிய வசனம் ஒன்றையும் காணவில்லை.

அனஸ்ரேசியா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்க் கதிரையில் இருந்தாள். மீன் மேசையில் எதிரெதிரே நின்ற அதே தூரம்.

"நான் தையல் படிக்கேல்லை" என்றாள் ஜெயகுமாரி.

அனஸ்ரேசியா ஒன்றும் விளங்காமல் பார்த்தாள்.

"பொய் சொன்னனான். இன்னும் சொன்னனான். அம்மா எடுத்த நேரம் நீ வேலையிலை இல்லை. மேலை நித்திரை. நான் படி ஏறேல்லை. அம்மாட்டையும் பொய் சொன்னன், பிறகு உன்னட்டையும் சொன்னன். உன்ரை நன்மைக்கு எண்டதும் முழு உண்மை இல்லை. நான் பிழை, அனஸ்ரேசியா. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க வந்தனான். மாட்டன் எண்டாலும் ஒண்டைத் தந்திட்டுத்தான் போவன். அம்மா உனக்கொரு சேதி சொன்னவ."

அனஸ்ரேசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கதைக்கத் தொடங்கியபோது குரல் மட்டமாக, யாருக்கோ கணக்கு ஒப்புவிப்பது போல வந்தது.

"நான் நித்திரை இல்லையடி. பெல் அடிச்சது எனக்குக் கேட்டது. ஆருக்கோ எண்டு, எழும்பப் பஞ்சியிலை, சோம்பலிலை மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனான். நீ 'அம்மா' எண்டு கதைச்சதும் கேட்டது, உன்ரை அம்மாவாக்கும் எண்டு நினைச்சன். தம்பி சொன்னாப் பிறகுதான் விளங்கினது. ஒரு பதின்மூண்டு படி நானும் இறங்கேல்லை. உன்னிலை கோவமா இருக்கிறது எனக்குச் சுகமா இருந்தது. இல்லாட்டி என்னிலையெல்லோ கோவப்படவேணும்."

பன்னிரண்டு வருடம் இரண்டு பேரும் ஒரே படிக்கட்டின் மேலேயும் கீழேயும் நின்றிருக்கிறார்கள். அவள் இவளைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். இதற்கு ஜெயகுமாரி ஆயத்தமாக வரவில்லை. தொண்டையில் இருந்த முள் அசைவது அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லு" என்றாள் அனஸ்ரேசியா. "அண்டைக்குச் சொல்லுற மாதிரியே சொல்லு."

ஜெயகுமாரி எழும்பி நின்றாள். ஏன் எழும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த அம்மாவின் மூச்சும் இழுப்பும் சொல்லும் அவளுக்கு அப்படியே பாடம். ரியூசன் கொட்டிலில் பழகியது ஒன்றுக்காவது உதவியது.

"அனஸ்ரேசியா, அம்மா எடுத்தவ. சுகமில்லையாம், ஆஸ்பத்திரிக்குப் போறாவாம். உனக்குச் சொல்லட்டாம். தலை முழுகிப்போட்டு ஈரத் தலையோடை அந்தக் குளிருக்குள்ளை திரிய வேண்டாமாம். அவள் தலை துவட்டமாட்டாள் பிள்ளை, சின்னனிலையிருந்து சரியான பஞ்சி பிடிச்சவள், நீ பக்கத்திலை நிண்டு பார் எண்டவ. அவ்வளவுதான்."

அனஸ்ரேசியாவின் கை தானாகத் துவாய்க்குப் போயிற்று. சிரிப்பு வந்தது. சிரிப்பு நடுவில் முறிந்து வேறொன்றாக மாறப்போகிற நேரம் அவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிக் குளியலறைக்குள் போய்விட்டாள்.

தலை காய வைக்கிற மெசினின் இரைச்சல் கேட்டது. ஜெயகுமாரி குசினியில் தனியே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. முழங்கால் வரை தலைமயிர் இருந்தாலும் இவ்வளவு நேரம் பிடிக்காது. அந்த இரைச்சலுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால் போய்க் கதவைத் தட்டவில்லை. தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. அப்படி ஒரு மூச்சு விட்டு எத்தனை வருடம் என்று நினைத்துக்கொண்டாள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற மணம் வர, எழும்பிப் போய் மூடியைத் திறந்து, உப்புப் பார்த்து, நெருப்பைக் குறைத்தாள். மற்றவள் வீட்டுச் சட்டியைக் கேளாமல் திறந்துவிட்டோமே என்பது மூடிய பிறகுதான் உறைத்தது.

இரைச்சல் நின்றது. அனஸ்ரேசியா கண்ணெல்லாம் சிவந்து, தலை விரித்தபடி வந்தாள். நேரே ஜெயகுமாரிக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக் கதிரையில் இருந்தாள்.

"காய்ஞ்சிட்டுதோ எண்டு பார்" என்றாள்.

ஜெயகுமாரி அந்தத் தலைமயிருக்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள். நரை ஓடியிருந்தது. உச்சியில் பார்த்தாள், காதடியில் பார்த்தாள், பிடரியிலும் பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "காய்ஞ்சிட்டுது."